துடைப்பம் கட்டிய வண்டி

நெட்டையனின் சக்கரம் உடைந்த இடத்தில் போன வாரம் நிறுத்தினேன். அங்கே என் பையன் செய்த காரியத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

பையன் சைக்கிள் பந்தயக்காரன். இது காலையில் தொடங்கி மாலையில் முடிகிற பந்தயம் இல்லை. ஆறு நாள் ஓட்டம். நாளுக்கு ஒரு பாதை. ஒவ்வொரு நாளும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டிக்கொண்டே வருவார்கள். மூன்று நாள் முடிந்தபோது மொத்தக் கணக்கில் என் பையன் இரண்டாவது. அவன் குழுவிலேயே இருக்கும் நெட்டையன் முதலாவது.

நான்காம் நாள் மலை அடிவாரத்தில் நெட்டையனின் பின்சக்கரம் உடைந்தது. குழுவின் கார் எங்கோ பின்னால் மாட்டிக்கொண்டது. என் பையன் இறங்கினான். தன் சக்கரத்தைக் கழற்றி நெட்டையனிடம் கொடுத்தான். ஒற்றைச் சக்கர சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி சாலையோரம் நின்றான். கார் வந்து வேறு சக்கரம் மாட்டுவதற்குள் கூட்டம் மலையேறிவிட்டது. காலையில் இரண்டாவதாக இருந்தவனை மாலையில் பட்டியலின் அடியில் விரல் வைத்துத் தேட வேண்டியிருந்தது.

"நான்தான் மாமா குடுக்கச் சொன்னேன்" என்றான் விசில்.

விசில் என்பது என் மகளின் புருஷன். அந்தக் குழுவின் பயிற்சியாளன். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். கல்யாண ஃபோட்டோவில்கூடத் தொங்குகிறது. பெயரை வைத்தவன் நான். வாய் நிறைய 'மாப்பிள்ளை' என்று கூப்பிட எனக்கு ஒருநாளும் மனசு வந்ததில்லை. அவன் அப்படிச் சொன்னதிலிருந்து முகம் பார்ப்பதையும் நிறுத்திவிட்டேன்.

மறுநாள் காலையில் நடந்தது இது.

குழு தங்கியிருந்த விடுதியின் வாசலில் பையன் டயரில் காற்று பார்த்துக்கொண்டிருந்தான். கண் உள்ளே போயிருந்தது.

"என்ன சாப்பிட்ட?"

"சாப்பிட்டேன்பா."

"அதான் என்னன்னு கேட்டேன்."

"அதான்பா... சாப்பிட்டேன்."

பொய் சொல்லவும் தெம்பு வேண்டும். அதுவும் இல்லை அவனிடம்.

விசில் இரண்டு கையிலும் டீ எடுத்துக்கொண்டு வந்தான். "மாமா, சூடா இருக்கு, குடிங்க."

நான் சைக்கிள் செயினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு இரண்டு டீயையும் அவனே குடித்தான்.

"இன்னைக்கு உங்க கண்ணுல பட மாட்டேன்பா" என்றான் பையன், தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே.

"பட்டா ஏத்திக்கிட்டு நேரா வீட்டுக்குப் போயிடுவேன். பாத்துக்க."

வெறும் பேச்சுக்குச் சொன்னதில்லை அது. இந்தப் பந்தயத்தில் கடைசி வண்டி ஓட்டுகிறவன் நான்தான்.

எல்லாருக்கும் பின்னால் வரும் வேன் அது. முடியாதவன் ஏறிக்கொள்ளலாம். ஏறினால் முதுகில் குத்தியிருக்கும் எண்ணைக் கழற்றிவிடுவோம். அத்தோடு அவனுக்குப் பந்தயம் முடிந்தது. வேனின் பின்கதவில் ஒரு துடைப்பத்தைக் கட்டி வைத்திருக்கிறார்கள். மிச்சம் மீதியைப் பெருக்கிக்கொண்டு வருகிற வண்டியாம், சைக்கிள்காரர்களின் பழைய வழக்கமாம். நம் வீடுகளில் துடைப்பத்தைத் தூக்கிக் காட்டினால் என்ன அர்த்தம் என்று இவர்களுக்கு யார் சொல்வது?

முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன் நான். இறங்கவேண்டிய இடம் தாண்டியதும் தூங்குகிற மாதிரி நடிக்கிறவனைக் கண்ணாடியிலேயே பிடிப்பேன். பையனை இந்த ஆட்கள் என்ன பாடு படுத்துகிறார்கள் என்று பார்க்கத்தான் இந்த வேலைக்கே ஒத்துக்கொண்டேன். மகள் நர்ஸ். அதே வேனில் என் பக்கத்துச் சீட்டு அவளுக்கு. முன்னால் பறக்கிற பையனின் அப்பா பின்னால் ஊர்கிற வண்டியை ஓட்டினால் என்ன ஆகிவிடப்போகிறது என்று அமைப்பாளர்களும் விட்டுவிட்டார்கள்.

வண்டிக்கு ஒரே ஒரு சட்டம்தான். ஓட்டிக்கொண்டிருக்கிற எவனையும் முந்தக் கூடாது. வேனின் மூக்கு ஒருவனைத் தாண்டிவிட்டால் அவன் பந்தயத்தில் இல்லை. முந்தியே பழகிய காலுக்கு அது பெரிய தண்டனை.

"இன்னைக்கு தம்பி தாக்குப்பிடிப்பானாப்பா?" என்றாள் மகள்.

"உன் புருஷனைக் கேளு. அவன்தானே எல்லாம் சொல்றவன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கண்ணில் பட மாட்டேன் என்றவன் முதல் மேட்டிலேயே பட்டான்.

முதலில் தூரத்தில் ஒரு புள்ளி. பிறகு முதுகு. பிறகு முதுகில் அவன் எண். கூட்டம் போய்விட்டது. பையன் மட்டும் ஒவ்வொரு மிதியையும் தரையிலிருந்து பிடுங்கி எடுக்கிற மாதிரி ஏறிக்கொண்டிருந்தான்.

தனியாக இல்லை. பக்கத்தில் ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒருவன். வேறு குழு. குட்டை உருவம், காது இரண்டும் தலைக்கவசத்துக்கு வெளியே விரிந்து நின்றன.

"அவன் யாரு?"

"முந்தாநாள் கடைசியா வந்தவன்பா. நம்ம வேனுக்கு முன்னால தனியா வந்தானே, அவன்தான்."

"இவனுக்கு நம்ம பையன்கிட்ட என்ன வேலை?"

"கூடப் போறான். அதுல என்ன?"

அதில்தான் எல்லாம் இருக்கிறது. சமதரையில் இருவர் சேர்ந்து போனால் லாபம் உண்டு. முன்னால் போகிறவன் காற்றைக் கிழிப்பான், பின்னால் வருகிறவன் அந்த மறைவில் காலை ஆற்றிக்கொள்வான். பிறகு இடம் மாறுவார்கள். அது கொடுக்கல் வாங்கல், எனக்குப் புரியும். ஆனால் மேட்டில் நத்தை வேகம். அங்கே காற்றுக்கு வேலையே இல்லை. அடுத்தவனுக்காக நிதானிப்பதில் துளி லாபம் கிடையாது. ஆரஞ்சுச் சட்டைக்காரனுக்கு இன்னும் தெம்பு இருந்தது, பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் இரண்டு மிதி மிதிப்பான், திரும்பிப் பார்ப்பான், நிதானிப்பான்.

"ஏதோ திட்டம் வெச்சிருக்கான்" என்றேன்.

"என்ன திட்டம்? கடைசிக்கு முந்தின இடத்தைத் திருடப்போறானா?"

மகளுக்கு என் வாய்.

இரண்டாவது மேடு இன்னும் செங்குத்து. பாதி தூரத்தில் பையன் கோணல்மாணலாக ஓட்ட ஆரம்பித்தான். சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போய் வந்தான். தலை ஹேண்டில்பாரில் தொங்கியது. ஆரஞ்சுக்காரன் கொஞ்சம் மேலே போயிருந்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. வண்டியின் மூக்கு அவன் முன்சக்கரத்தைத் தாண்டாமல் பக்கத்தில் கொண்டுபோய்க் கண்ணாடியை இறக்கினேன்.

"போதும்டா. ஏறு."

"வேணாம்பா."

"அஞ்சு நாளா ஓட்டினது போதும். உள்ளே போர்வை இருக்கு, தண்ணி இருக்கு. அக்கா இருக்கா. ஏறுடா கண்ணு."

"வேணாம்பா. போங்க."

"யாருக்காகடா ஓட்டுற? உன் சக்கரத்தைப் பிடுங்கி அடுத்தவனுக்குக் குடுத்தானே, அவனுக்காகவா?"

பையன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். எதையோ சொல்லப்போகிற பார்வை. சொல்லவில்லை. அந்தச் சொல்லாத வாயைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. கோபம் தலையில் ஏறினால் டிரைவருக்குக் காலில் இறங்கும். ஆக்ஸிலேட்டர் அழுந்திவிட்டது.

"அப்பா! மூக்கு! வண்டி மூக்கு!"

மகள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். பிரேக்கை மிதித்தேன். பையனின் முன்சக்கரம் வேனின் மூக்குக்குப் பின்னால் இருந்தது. அதிகமில்லை, ஒரு முழம் இருக்கும். அவன் மிதித்து மறுபடி என்னைத் தாண்டிப் போனான்.

மேலே வளைவில் ஒரு மோட்டார் பைக். அதன் பின்சீட்டில் நடுவரம்மா. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். முகம் எங்கள் பக்கம் இருந்தது. கண் எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

வண்டியை மறுபடி மெல்ல நகர்த்தினேன். பிறகு மகள் பேசினாள். நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அவரு குடுக்கச் சொல்லலப்பா."

"எவரு?"

"எனக்கு எத்தனை புருஷன்? சக்கரத்தை அவரு குடுக்கச் சொல்லல. 'நிக்காத, நீ போ, நான் வந்துட்டே இருக்கேன்'னு ரேடியோல கத்தியிருக்காரு. தம்பிதான் நின்னான். அவனாத்தான் குடுத்தான்."

"எதுக்கு?"

"ரெண்டாவது நாள் தம்பிக்கு வயிறு கெட்டுப்போச்சே, மறந்துட்டீங்களா? அன்னைக்குப் பூரா நெட்டையன்தான் அவனுக்கு முன்னால நின்னு காத்தை வாங்கிக்கிட்டு ஓட்டினான். தன் தண்ணியையும் குடுத்தான். தம்பி ரெண்டாவது இடத்துல இருந்ததே அவனாலதாம்பா. வாங்கினதைத் திருப்பிக் குடுத்தான். அவ்வளவுதான்."

"இதை எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொல்லியிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். விட்டுக்கொடுத்தவன் கெட்டுப்போவதில்லை என்று ஊரெல்லாம் சொன்னால், விட்டுக்கொடுத்தவன் நடுத்தெருவில் நிற்பான் என்று என் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தவன் நான்.

"ஏமாளின்னு சொல்லியிருப்பேன்."

"அதான். முந்தாநேத்து வரைக்கும் ரெண்டாவது இடம், இப்ப அடிமட்டம். அதைக்கூட தாங்கிக்கிட்டான். நீங்க ஏமாளின்னு சொல்றதைத் தாங்க முடியாதுன்னு அவர்கிட்ட போய் நின்னான். 'அப்பாகிட்ட நீங்க சொன்னதா சொல்லிடுங்க மச்சான். அவருக்கு உங்களை எப்படியும் பிடிக்காது, இதுல புதுசா கெட்டுப்போக என்ன இருக்கு'ன்னு."

"அதுக்கு?"

"சிரிச்சாரு. 'சரிடா, என் முதுகு அகலம்'னாரு."

மேடு முடிந்து இறக்கம் வந்தது. பையனும் ஆரஞ்சுக்காரனும் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து பறந்தார்கள். நான் தள்ளியே வந்தேன். காலையில் அவர் கையிலிருந்த அந்த இரண்டு டீ ஞாபகம் வந்தது. சூடாக இருந்திருக்கும்.

"அம்மாடி, கண்ணாடியைத் துடை" என்றேன்.

"சுத்தமாத்தானே இருக்கு?"

"துடைன்னா துடை."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு டிஷ்யூவை என் கையில் வைத்தாள்.

முதல் ஆள் கோட்டைத் தொட்டுவிட்டான் என்று ரேடியோ சொன்னது. அதிலிருந்து ஒரு கெடு தொடங்கும். அந்தக் கெடுவுக்குள் வராதவனுக்கு நாளை இடமில்லை. கெடு என்று ரேடியோ சொன்ன நிமிஷத்தையும் சாலையில் மிச்சமிருந்த தூரத்தையும் மகள் மனசுக்குள் கூட்டினாள். உதடு அசைந்தது. பிறகு சீட் பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதிலேயே எனக்கு விடை தெரிந்துவிட்டது.

இனி சமதரை. எதிர்காற்று. நான் நினைத்தால் வண்டியை முன்னால் விட்டு ஒரு சுவரே எழுப்பிக் கொடுக்கலாம். கடைசி வண்டிக்காரன் பார்க்கலாம், தொடக் கூடாது.

ஆரஞ்சுக்காரன் முன்னால் போனான். பையன் அவன் பின்சக்கரத்தில் ஒட்டிக்கொண்டான். முறைப்படி பார்த்தால் மாறிக்கொள்ள வேண்டும். பையன் ஒருமுறை முன்னால் வந்தான். இரண்டு கம்பம் தூரம்கூட நிற்கவில்லை, துவண்டான். ஆரஞ்சுக்காரன் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி முன்னால் போனான். அதற்குப் பிறகு இடம் மாறவே இல்லை. ஒரே ஆள் காற்றை வாங்கினான்.

"இதுல என்ன திட்டம்பா?" என்றாள் மகள்.

நான் கியரைக் குறைத்தேன்.

ஊருக்குள் நுழைந்தோம். பந்தயம் முடிந்துவிட்டதென்று ஆட்கள் தடுப்புக் கம்பிகளைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்கள். நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். டயர் கடைக்காரர் ஒருவர் எங்கள் வேனின் துடைப்பத்தைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம்தான் முன்னால் போகிற இருவரையும் பார்த்தார். கையிலிருந்த ஸ்பானரால் ஒரு பழைய ரிம்மைத் தட்ட ஆரம்பித்தார், டங் டங் என்று. மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண் ஈரத்துணியைத் தலைக்கு மேலே சுற்றினாள். கம்பி கழற்றிக்கொண்டிருந்தவர்கள் கழற்றிய கம்பியை மறுபடி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். யார் பெற்ற பிள்ளைகளோ எல்லாம். என் பிள்ளைக்காகக் கத்தினார்கள்.

கோட்டுக்கு மேலே பெரிய கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி வளைவு தாண்டியதும் ஆரஞ்சுக்காரன் ஒதுங்கினான். பையனை முன்னால் விட்டான். பையன் எழுந்து நின்று மிதித்தான். அந்தக் கால்களில் எங்கிருந்து வந்ததோ. கோட்டைத் தாண்டினான். பின்னாலேயே ஆரஞ்சுக்காரன். கடைசி இடத்தை அவன் வாங்கிக்கொண்டான்.

கெடு முடிய அரை நிமிஷம்கூட மிச்சமில்லை. இருந்தாலும் உள்ளேதான்.

வண்டியை நிறுத்தி இறங்கினேன். பையனுக்கு முன்னால் ஆரஞ்சுக்காரனிடம்தான் போனேன். அவன் சைக்கிள் மேலேயே கவிழ்ந்து கிடந்தான்.

"தம்பி. எதுக்கு இவ்வளவும் பண்ணின?"

அவன் மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தான். "பெரியவரே, முந்தாநாள் நான் தனியா வந்தேன்ல. வேற டிரைவரா இருந்தா 'சீக்கிரம் ஏறித் தொலை'ன்னு ஹாரன் அடிச்சே கொன்னுருப்பாங்க. நீங்க ஒரு தடவைகூட அடிக்கல. பொறுமையா கூடவே வந்தீங்க. அவன் உங்க பையன்னு காலைலதான் தெரிஞ்சுது."

அந்த வேனில் முதல் நாளிலிருந்தே ஹாரன் வேலை செய்யவில்லை.

அதை அவனிடம் சொல்லவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நன்றி என்ற சொல் தொண்டை வரை வந்து, பழக்கமில்லாத ஊரில் இறங்கியவன் போல் முழித்தது.

"தண்ணி குடி" என்றேன். குடித்தான்.

அதற்குள் விசில் ஓடி வந்து பையனைத் தாங்கியிருந்தார். துண்டால் அவன் முகத்தையும் கழுத்தையும் குழந்தைக்குத் துடைக்கிற மாதிரி துடைத்தார். பையன் என்னைப் பார்த்தான்.

"கண்ணுல பட்டுட்டேன்பா."

"பட்ட. நாள் பூரா உன் முதுகைத்தான் பாத்தேன். முன்னாடி ஓட்டினப்ப இப்படிப் பாக்கக் கிடைக்கலையே." அவன் பக்கத்தில் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தேன். "சக்கரம் குடுத்தது நீதானாமே."

அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா கைப்பைக்குள் எதையோ மும்முரமாகத் தேடினாள்.

"ஏமாளின்னு திட்டலையா?"

"அந்தப் பட்டத்துக்கு வேற ஆள் இருக்கான். நான் பாத்துக்கறேன். நீ தண்ணி குடி."

பையன் சிரித்தான். சிரிக்கும்போதே கண்ணில் வழிந்தது. பறிபோன இரண்டாம் இடத்துக்கு நேற்றிலிருந்து அழாத அழுகை அது. என் தோளில் தலையை வைத்தான். வேர்வை நாற்றம். நகரவில்லை நான்.

"மாமா" என்று ஆரம்பித்தார் விசில். அவர் முடிப்பதற்குள் நடுவரம்மா வந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றியிருந்தார். கண் நேராக இருந்தது.

"கடைசி வண்டி டிரைவர் யாரு? ரெண்டாவது மேட்டுல வண்டி ரைடரைத் தாண்டிச்சுன்னு நினைக்கறேன். தாண்டியிருந்தா அவரு இன்னைக்கு வந்து சேர்ந்ததே செல்லாது. தெரியும்ல?"

பையனின் கை தானாக முதுகுக்குப் போய் எண்ணை மூடிக்கொண்டது.

நான் எழுவதற்குள் விசிலின் குரல் வந்துவிட்டது. "மேடம், நான்தான் டிரைவருக்குச் சொல்லி அனுப்பினேன். பையன் எப்படி இருக்கான்னு பக்கத்துல போய் பாக்கச் சொன்னேன். தப்பு என்மேல. டிரைவர் மேலயும் இல்ல, ரைடர் மேலயும் இல்ல."

கழுத்தில் தொங்கியதைக் கைக்குள் பொத்திக்கொண்டு, முகத்தில் ஒரு சுருக்கமில்லாமல் நின்றார். நேற்று மாலை என்முன் நின்றதும் இதே நிற்பு. நேற்று அதைத் திமிர் என்று நினைத்தேன்.

"மேடம்" என்றேன். "மாப்பிள்ளை சொல்றது பொய். அவருக்கு இதே வேலையாப் போச்சு. வண்டியை ஓட்டினவன் நான், மூக்கை நீட்டினவனும் நான். என் பையனை ஏறச் சொன்னேன். அவன் வேணாம்னான். ரெண்டு தடவை கேட்டேன், ரெண்டு தடவையும் வேணாம்னான். அதையும் சேத்துக் கேட்டுக்குங்க."

நடுவரம்மா எங்கள் நால்வரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே குடும்பத்தில் குற்றம் என்னுடையது என்று ஆளாளுக்கு இப்படிச் சண்டை போட்டு அவர் பார்த்திருக்கமாட்டார்.

"ரெண்டு பேரும் உள்ள வாங்க. மத்த நடுவர்களும் இருக்காங்க."

அவர் முன்னால் நடந்தார். மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மாமா, இப்ப என்னை என்னன்னு கூப்பிட்டீங்க?"

"காது கேக்கலையா?"

"கேட்டுச்சு. சரியாத்தான் கேட்டுச்சான்னு..."

"உள்ள வேலையை முடிங்க. வெளிய வந்ததும் ரெண்டு டீ வாங்குங்க. ஒண்ணு எனக்கு."

வாசலில் திரும்பிப் பார்த்தேன். பையன் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஆரஞ்சுக்காரன் வந்து உட்கார்ந்திருந்தான். முதுகிலிருந்த எண்ணைப் பையன் இன்னும் கழற்றவில்லை. அதன் ஒரு மூலையில் ஊக்கு விலகியிருந்தது. மகள் குனிந்து அதைத் திரும்பக் குத்திக்கொண்டிருந்தாள்.

எங்களுக்குப் பின்னால் கதவு மூடிக்கொண்டது.